சேர்த்து எழுதுக

"'அன்பு உள்ள'ன்னு பிரிச்சு எழுதக் கூடாது. 'அன்புள்ள'ன்னு சேர்த்து எழுதணும்."

"நாமதான் சேரப் போறோமே, எழுத்து பிரிஞ்சு கிடந்தா என்னவாம்?"

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆசையாய் எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி நீட்டிய மனிதர் அவர். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஓர் ஒற்று விட்டுப்போனாலே சாமியாடுவார்.

பக்கவாதம் வந்து பேச்சை வாரிக்கொண்டு போனபின், அந்த மனிதர்தான் இப்போது பயிற்சி அறையில் பொத்தான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் தன் தையல் கடையிலிருந்து கொண்டுவந்த பொத்தான்கள்.

"மஞ்சள், நீலம்... சார், நீலத்துக்குப் பின்னால என்ன வரணும்?" என்றாள் பேச்சுப் பயிற்சியாளர்.

யோசித்து வெள்ளையை வைத்தார். பிறகு சிவப்பு.

"பொத்தான் அடுக்கினா பேச்சு வந்துடுமா? அப்படின்னா எங்க கடைப் பொண்ணுங்க எல்லாம் மேடையேறிப் பேசணுமே!"

பயிற்சியாளர் சிரித்தாள். "அடிபட்டது வார்த்தை மட்டும் இல்லைக்கா. எதுக்குப் பின்னால எது வரும்னு பிடிச்சுக்கிறதும்தான். இந்த வரிசை பிடிபடவே சாருக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இனிமே மஞ்சள் ஆள், நீலம் இடம், வெள்ளை 'க்கு', சிவப்பு செயல். சார், இந்தப் படத்தைச் சொல்லுங்க."

"அவன்... கடை... போ."

"வெள்ளையை விட்டுட்டீங்களே சார்!"

வெள்ளைப் பொத்தானைத் தட்டினார். வாய் திறந்தது. 'க்கு' வரவில்லை.

"ஊரார் விட்ட எழுத்தையெல்லாம் தேடிப் பிடிச்சவர், இப்ப தன்னோட 'க்கு'வை முழுங்கிட்டு உட்கார்ந்திருக்கார்." கிண்டலாகத்தான் சொன்னாள். வெள்ளைப் பொத்தானை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவர் அவளையே பார்த்தார். "நீ... வீடு..."

அங்கேயே நின்றுவிட்டது. பல நாளாக இதே கதைதான்.

"வீடு எங்கயும் ஓடிப் போகாது. அதை என்ன செய்யணும்? விக்கணுமா? வெள்ளை அடிக்கணுமா?"

எரிச்சலில் பொத்தான்களைக் கலைத்துவிட்டார். அவர் சொல்ல வருவது என்னவென்று புரியாமல் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது.

பயிற்சி முடிந்ததும் கைத்தாங்கலாகப் படியிறக்கி, அவருடைய தம்பி கொண்டுவந்து நிறுத்திய காரில் உட்காரவைத்தாள்.

"நாளைக்கும் வந்துடுவீங்கதானே அண்ணி?" என்றான் தம்பி. விவாகரத்துத் தீர்ப்பு அவர்களைப் பிரித்து எழுதி ஒன்பது வருடமாகியும், அந்த 'அண்ணி'யை மட்டும் அவன் திருத்திக்கொள்ளவில்லை.

தலையசைத்துவிட்டு, தன் வழியில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

"நீ..."

திரும்பினாள். காருக்குள் அவருடைய நல்ல கை, சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"நீ... வீட்டு..."

விரல் அடுத்த பொத்தானில் அழுந்தி நின்றது.

"...க்கு... வா."