சூடு ஆறும் நேரம்

"எது சீக்கிரமா ஆற வைக்கும், கர்ட்?"

ஓரின் பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் என் கடைக்குள் வந்து நின்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக ஓரினும் அவர் தம்பி டெல்மரும் என்னிடம்தான் முளைகட்டிய பார்லி மால்ட்டும் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவும் வாங்குகிறார்கள். கொதித்த மால்ட் சாறு ஆறினால்தான் அதைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் போட முடியும், சூட்டில் போட்டால் செத்துவிடும். ஆனாலும் ஆற வைக்கிற சாமான் மட்டும் வாங்கமாட்டார்கள். ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துப் பானையைத் தூக்கிப்போய்ப் பின்புறத்துப் பனியில் இறக்கிவிடுவார்கள். எங்கள் டுலூத் ஊரில் பனிக்கா பஞ்சம்?

"பனி கம்பளி மாதிரின்னு எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றேன். "பானையைச் சுத்தி உருகிக் குழி விழுந்ததும் சூடு அங்கயே நின்னுடும். இப்பவாவது புத்தி வந்துச்சே. எங்கே உங்க தம்பி, கார்லயா?"

"படுத்துட்டான். இன்னும் ஒரு வாரம்தான் தாங்குவான்னு டாக்டர் சொல்றார். கடைசியா ஒரு பானை காய்ச்சுவோம்ங்கிறான். என் ஒருத்தனால அதைத் தூக்க முடியாது."

என் வாய்க்குப் பூட்டுத்தான் போட வேண்டும்.

ஆற வைக்கிற சாமானில் இரண்டை எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்று, செப்புக் குழாய்ச் சுருள். பானைக்குள் இறக்கிக் குழாய்த் தண்ணீரை விட்டால் இருபது நிமிடம். இன்னொன்று, தகடு தகடாக அடுக்கியது. ஐந்தே நிமிடம், ஆனால் பம்ப் வேண்டும், கழுவுவதும் தலைவலி.

ஓரின் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு சீக்கிரம் ஆற வைத்தாலும் சாறு பீராக மூன்று வாரமாகும். அது அவருக்குத் தெரியாததா?

"ஒண்ணும் வாங்க வேண்டாம் ஓரின்," என்றேன். "மூடியைப் போட்டு அப்படியே விட்டுடுங்க. காலைக்குள்ள தானா ஆறிடும். நீங்க போய் அவர் பக்கத்துல உட்காருங்க."

எதைச் செய்யாதீர்கள் என்று இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னேனோ, அதையே சொன்னேன். மெதுவாக ஆறினால் கிருமி புகுந்துவிடும்.

"கெட்டுப்போயிடாதா?"

போனால் என்ன, யார் குடிக்கப்போகிறார்கள். என் முகமே சொல்லியிருக்கும்.

அவர் கோபப்படவில்லை. தகடு அடுக்கியதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவன் குடிக்கமாட்டான்னு அவனுக்கே தெரியும்," என்றார். "அடுப்பை அணைக்கிறப்போ கடைசிப் பிடி ஹாப்ஸ் போடுறது அவன்தான். ஆறினதும் ஈஸ்ட் போடுறதும் அவன்தான். என்னைத் தொடவே விடமாட்டான். கட்டிலை அடுப்பு பக்கத்துலயே இழுத்துப் போட்டிருக்கேன்."

பம்ப்பை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன்.

"இப்பல்லாம் முழிச்சா பத்து நிமிஷம்தான் முழிச்சிருக்கான், கர்ட். ஹாப்ஸுக்கும் ஈஸ்ட்டுக்கும் நடுவுல தூங்கிட்டான்னா ஈஸ்ட்டை நான்தான் போடணும்."