கைக்குட்டை இல்லாத நாற்காலி

அந்த அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் கம்ப்யூட்டர் ஒன்றுதான். வெளியிலிருந்து இணையம் வழியாக அதற்குள் நுழைந்து வேலை செய்பவர்கள், முதலில் போன் செய்து அதன் நாற்காலியில் ஒரு கைக்குட்டையைப் போடச் சொல்வார்கள். இல்லையென்றால் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி நுழைவதற்கு இரண்டு மென்பொருள்களைப் பார்த்தாயிற்று. இரண்டும் ஒவ்வொரு முறையும் திரையில் அனுமதி கேட்டன. அது தொல்லை என்று, கேட்காமலே திறக்கும் மூன்றாவதை இன்று காலைதான் இன்ஜினியர் ஞானராஜ் தேர்ந்தெடுத்தார். கடவுச்சொல் அவருக்கும், அவரிடம் வரைபடம் போடும் பஷீருக்கும் எழிலரசிக்கும் மட்டுமே தெரியும்.

மதியம் மூவரும் அறையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது திரையில் மவுஸின் அம்பு தானாக நகர்ந்தது. நாற்காலியில் கைக்குட்டை இல்லை.

“யாரு உள்ள இருக்கா?” என்றார் ஞானராஜ்.

“நாம மூணு பேரும் இங்கதான சார் நிக்கிறோம்,” என்றான் பஷீர்.

அம்பு பள்ளிக்கூட வரைபடத்தைத் திறந்தது. நேற்று, கம்பி மிச்சமாகும் என்று ஞானராஜ் சொல்லி எழிலரசி மெலிதாக்கிய தூண்களில் முதலாவதைப் பிடித்து, பழைய கனத்துக்கு இழுத்தது. பிறகு இரண்டாவதை. நாளை காலை அங்கே கான்கிரீட் போடுகிறார்கள்.

“ஒயரைப் புடுங்குடா.”

பஷீர் குனிந்தான். எழிலரசி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். இன்னும் நான்கு தூண்கள் இருந்தன. இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து, உதறி, நாற்காலியின் மேல் விரித்தாள்.