தாங்கும் பசை

ஒன்றரை வருடம் காத்திருந்து எக்ஸ்-கதிர் கூடத்தில் ஆனந்தவல்லிக்குக் கிடைத்தது பன்னிரண்டு மணி நேரம். அதில் மூன்று கழிந்துவிட்டது. இறுகிய சிமெண்டுப் பசையில் பட்டுச் சிதறிய கதிர், திரையில் மழுங்கிய மேடு ஒன்றை மட்டுமே வரைந்திருந்தது.

"ஒரு முகடுகூட இல்லையேம்மா," என்றார் பேராசிரியர் ராஜமன்னார். "அணுவெல்லாம் தாறுமாறா கிடக்கு. இதை எடுத்துட்டு நீ கொண்டுவந்திருக்கிற அந்தப் படிகத்தை வை. கட்டுரைக்காவது ஆகும்."

அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய படிகத்தை வைத்தால் கூரான முகடுகள் வரும், பின்னாலேயே முனைவர் பட்டமும் வரும். அது அவளுக்கும் தெரியும்.

"பாலத்தைத் தாங்குறது இந்தப் பசைதானே சார்? தாறுமாறா கிடக்கறது எப்படித் தாங்குது? ஒவ்வொரு அணுவும் பக்கத்து அணுவை எவ்வளவு தூரத்துல பிடிச்சிருக்குன்னு பார்க்கணும். மிச்ச நேரம் முழுக்க இதுக்கே வேணும்."

"ஒண்ணும் வரலைன்னா?"

"மறுபடி விண்ணப்பம் போடுறேன் சார்."

படிகக் குப்பியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, அவள் மீண்டும் கதிரைத் திறந்தாள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

ஐந்து மணி நேரம் கழித்து மேட்டின் சரிவில் கடுகளவு புடைப்பு ஒன்று எழுந்தது: பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு நடுவே ஒரே தூரம் திரும்பத் திரும்ப வருவதன் அடையாளம். அவள் திரும்பினாள். கதவருகே நாற்காலியைப் போட்டு, மடியில் பையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"பார்த்துட்டேன்," என்றார். "நிறுத்திடாதே."