நாற்பதைத் தாண்டாத முள்

இரண்டே பேர் உட்காரக்கூடிய குட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் வேகம் காட்டும் முள் இருந்தது. இருநூற்று நாற்பது வரைக்கும் அதற்கு எண்கள் இருந்தன. ஆனால் காருக்குச் சொந்தக்காரர்களான இன்னாசியும் அவர் மனைவி ரெஜினாவும் எந்த ஊருக்குப் போனாலும் நாற்பதைத் தாண்டுவதில்லை. முன்னால் மாட்டு வண்டி போனால்கூட ஹார்ன் அடிக்காமல் பின்னாலேயே போவார்கள்.

"உனக்கென்னப்பா, தினமும் எல்லா எண்ணையும் தொட்டுட்டு வந்துடறே," என்று பக்கத்திலிருந்த கடிகாரத்திடம் முள் பொருமும். "நான் ஒரு தராசுல பொறந்திருந்தாலாவது மரியாதையா இருந்திருக்கும்."

ஒருநாள் மலைக்காட்டுக்குள் நேரான, காலியான ரோடு வந்தது. முள் ஆசையோடு நிமிர்ந்தது.

"ஏங்க, நிறுத்துங்க," என்றார் ரெஜினா.

இன்னாசி எஞ்சினையும் அணைத்துவிட்டார். முள் பூஜ்ஜியத்தில் விழுந்தது.

"கெட்டுது போ!" என்று அலுத்துக்கொண்டது.

காட்டிலிருந்து ஒரு யானை வந்தது. அதன் காலோடு ஒட்டி ஒரு குட்டி. பின்னால் பெரிய கூட்டம். குட்டி மட்டும் நின்று, இதுவும் ஒரு குட்டி என்று நினைத்ததோ என்னவோ, காரின் சூடான பானட்டைத் துதிக்கையால் தடவியது. தாய் பொறுமையாகக் காத்து நின்றது. ரெஜினா இன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் கடக்கக் கடக்கத் தரை அதிர்ந்தது. பூஜ்ஜியத்தில் கிடந்த முள் நடுங்கியது. எந்த ஓட்டத்திலும் அது அப்படி நடுங்கியதில்லை.

யானைகள் போய் வெகுநேரமாகியும் இன்னாசி சாவியைத் தொடவில்லை.

"நேரமாகுது. ரோடு காலியா இருக்கு, இன்னிக்கு நீ நூறைத் தொட்டுடலாம்," என்றது கடிகாரம்.

"கொஞ்ச நேரம் நீயும் நில்லேன்," என்றது முள்.