ஒன்பதாவது பெயர்

போர் நினைவுத் தூணின் திறப்பு விழாவுக்கு இன்னும் மூன்று மணி நேரம் பத்து நிமிடம் இருந்தது. வெள்ளம் கொண்டுபோன தூணை, ஊரார் எடுத்த படங்களைப் பார்த்து இயந்திரம் திரும்பச் செதுக்கியிருந்தது. படங்களுக்குக் குறைவில்லை, எல்லாவற்றிலும் தூணுக்கு முதுகு காட்டிச் சிரிக்கும் முகங்கள். ஒன்பதாவது சிப்பாயின் வரி ஒரே படத்தில்தான் கிடைத்தது, அதையும் யாழிசையின் கணவன் கபிலனின் தலை மறைத்திருந்தது. இயந்திரம் சளைக்காமல் முகத்தை அடையாளம் கண்டு, தலைக்குரியவரின் பெயரையே செதுக்கிவிட்டது.

அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"விழா முடியுற வரைக்கும் வெளிய தலை காட்டாதீங்க சார்."

"நான் உயிரோட இருக்கேன் மேடம்!" என்று வாயில் இட்லியோடு கத்தினான் கபிலன்.

"தெரியுது. ஆனா இறந்தவர் மனு குடுக்க முடியாது, வாரிசுதான் குடுக்கணும்." படிவத்தை யாழிசையிடம் நீட்டினார். "சரியான பேரு தெரிஞ்சா எழுதுங்கம்மா. திறந்துட்டா அப்புறம் இவருதான் தியாகி."

"எவன் பேரா இருந்தா என்னடி? ஏதாவது ஒண்ண எழுதிக் குடு" என்றான் கபிலன்.

யாழிசை பேனாவைத் திறந்தாள்.

"படம் நல்லா வரணும்னு உங்கள அங்க சாஞ்சு நிக்கச் சொன்னதே நான்தான்" என்றாள். "பின்னால இருந்தது சிப்பாய் சின்னக்கண்ணு. எங்க தாத்தாவோட தாத்தா."