சத்தமாய்க் கேள், கஸ்

"இவனுக்கா? கழுத்துல பாம்பு வரைஞ்சு வெச்சிருக்கான், பார்த்தியா?" ஜன்னல் திரையை விலக்கியபடி கேட்டார் வெண்டெல்.

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ட்ரெவர் இறங்கிக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். விளம்பரத்தைப் பார்த்து வெண்டெலின் கைத்துப்பாக்கியை வாங்க வந்தவன்.

"பாம்பா வாங்கப்போகுது? இவனையும் துரத்திட்டா பேரன் இந்த லீவுக்கும் வர மாட்டான்" என்றாள் மனைவி ரோவீனா.

மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கட்டிலோரத்து இழுப்பறையில் துப்பாக்கி கிடக்கிற வரைக்கும் ஆறு வயதுப் பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டாளாம்.

பூட்டி வை என்றாலும் வெண்டெல் கேட்பதில்லை. "நான் சாவியைத் தேடி எடுக்கறதுக்குள்ள திருடன் காபி போட்டுக் குடிச்சிட்டுப் போயிடுவான்."

கடைசியில் விற்கிறேன் என்றார். மனசுதான் வரவில்லை. விற்காமல் இழுத்தடிக்கச் சட்டம் கைகொடுத்தது.

"ரெண்டு பேர் தங்களுக்குள்ள வித்துக்கறதுல அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று ஏரிக்கரையில் மீன் பிடிக்கிறவர்களிடமெல்லாம் கத்திக்கொண்டிருந்த மனிதர், வாங்க வந்தவர்களிடம் அடையாள அட்டை கேட்டார். விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார். சட்டத்தில் எங்கேயுமே இல்லாத பாதிரியார் நற்சான்றிதழையும் கேட்டார். வந்த மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

ட்ரெவர் போகவில்லை. பாதிரியார் கடிதத்தைக்கூட எடுத்து நீட்டினான்.

"நம்ம கொலராடோ மாநிலச் சட்டம் தெரியும்ல? நேரா கை மாத்த முடியாது. கடைக்காரர் மூலமாத்தான். உன்னைப் பத்தி எல்லாத்தையும் விசாரிப்பாங்க."

"தெரியும் சார். போலாமா?"

வெண்டெலுக்கு உள்ளூரக் குஷி. பாம்புக் கழுத்துக்காரன் எங்கே தேறப்போகிறான்? துப்பாக்கியும் திரும்பிவிடும், பழியும் தன்மேல் விழாது.

துப்பாக்கியும் தூண்டிலும் விற்கிற கஸ், வெண்டெலின் பழைய சிநேகிதர். ட்ரெவர் முன்னால் படிவத்தை வைத்தார்.

"அந்தக் கஞ்சாக் கேள்வியைச் சத்தமாக் கேளு, கஸ்" என்றார் வெண்டெல். "நாலு பேர் காதுல விழட்டும்."

கஸ் தொண்டையைச் செருமினார். "கஞ்சா பழக்கம் உண்டா? நம்ம மாநிலத்துல கடை போட்டு வித்தாலும், மத்தியச் சட்டத்துல தப்பு தப்புதான், பழக்கம் இருந்தா துப்பாக்கி கிடையாது. பொய் எழுதினா ஜெயில்."

"தொட்டதே இல்ல சார்."

வெண்டெல் கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

கஸ் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். பிறகு நிமிர்ந்தார். "தேறிட்டான்."

வெண்டெலின் சிரிப்பு கூரையிலேயே நின்றுவிட்டது.

"ஆனா மூணு நாள் கழிச்சுத்தான் கையில குடுப்பேன். அதுவும் சட்டம். அதுவரைக்கும் இங்கதான் இருக்கும்." கஸ் துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டினார்.

வீட்டில் வெண்டெல் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாய் வலிக்குப் போட்டுக்கொள்ளும் சிவப்பு மிட்டாயை ரோவீனா கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்றாம் நாள் ட்ரெவர் போன் செய்தான்.

"வேண்டாம்னு தோணிடுச்சு சார். யோசிக்கத்தானே மூணு நாள் குடுக்கறாங்க?"

வெண்டெல் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ரோவீனாவும் கைப்பையோடு வண்டியில் ஏறினாள்.

"எடு கஸ், என் துப்பாக்கியை."

கஸ் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார்.

"என்னப்பா இது? என் பொருளை நான் எடுத்துட்டுப் போக எனக்கே ஃபாரமா?"

"நீ விட்டுட்டு வீட்டுக்குப் போனதும் அது என் கணக்குல ஏறிடுச்சு. இனிமே உங்கிட்டயே போறதா இருந்தாலும் ஃபாரம்தான், விசாரணைதான், மூணு நாள்தான்."

வெண்டெல் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே எழுதினார். பாதியில் பேனா நின்றது.

"என்ன நின்னுட்டே?" என்றார் கஸ்.

"அந்தக் கேள்வியைச் சத்தமாக் கேளுங்க, கஸ்" என்றாள் ரோவீனா. "நாலு பேர் காதுல விழட்டும்."

"அது முழங்கால் வலிக்குடி!" தூண்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். "வெறும் மிட்டாய்!"

ரோவீனா பையிலிருந்து மிட்டாய் டப்பாவை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். டப்பாவின்மேல் பச்சைக் கஞ்சா இலை ஒன்று வரைந்திருந்தது. அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமான்னு எழுதினா துப்பாக்கி இல்ல, வெண்டெல். இல்லன்னு எழுதினா..."

வெண்டெல் பேனாவை மூடினார். "வித்துடு. யாருக்காவது."

திரும்பும் வழியில் ரோவீனா அந்தக் கஞ்சா மிட்டாய்க் கடைமுன் வண்டியை நிறுத்தினாள். வழக்கமாய் அங்கே வெண்டெல் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சீட்டில் சரிந்துவிடுவார். இன்று அவரும் இறங்கினார். இனி யாரிடம் ஒளிப்பது?

கடைக்குள் மேசைக்குப் பின்னால் பாம்புக் கழுத்து தெரிந்தது.

"நீயா! இங்கயா வேலை பாக்கறே?"

"ஆமா சார். விக்கறதோட சரி, தொடறதில்ல" என்றான் ட்ரெவர். "துப்பாக்கி வெச்சிருக்கவங்களுக்கு இந்தக் கஞ்சாச் சட்டம் தெரியறதில்லன்னு மேடம்கிட்ட ஒரு நாள் சொல்லிட்டிருந்தேன்."

வெண்டெல் மனைவியைப் பார்த்தார். அவள் விலைப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ட்ரெவர் மிட்டாய் டப்பாவை ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி நீட்டினான்.

"பேரன் வெள்ளிக்கிழமை வர்றானாமே! நிஜ மிட்டாய்னு நினைச்சுடுவான் சார், இதைத் திறந்து போட்டுடாதீங்க. நீங்க தேட வேண்டாம், சாவியை மேடம்கிட்ட குடுத்துட்டேன்."