எறும்புக் கட்டுரை

“ஆயிரம் வேணும் மேடம். உங்களுக்கு முந்நூத்திப் பன்னிரண்டுதான் தேறுது.”

நூலகர் கணினித் திரையைப் பூச்சியம்மா பக்கம் திருப்பினார். பூச்சி ஆராய்ச்சியிலேயே தலை நரைத்ததால் நிலையம் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். அவருடைய கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு திரையில் இருந்தது. ஆயிரத்தைத் தொட்டால் தலைமை விஞ்ஞானி. இல்லையென்றால் அடுத்த மாதம் ஓய்வு. விண்ணப்பத்துக்கு இன்று ஐந்து மணி வரைதான் கெடு.

நூலகருக்கே மனசு கேட்கவில்லை. முப்பது வருஷமாக நூலகம் திறக்கும் முன்னே வந்து நிற்கிற மனுஷி!

“ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க கட்டுரை எல்லாத்துலயும் இந்த ஒரே ஆளைத்தான் மேற்கோள் காட்டியிருக்கீங்க. எறும்பு வரிசையில ஏன் நெரிசல் வர்றதில்லைன்னு ஒரே ஒரு கட்டுரை எழுதியிருக்கார். அதை டாக்டருங்க, ரோடு போடுற இன்ஜினியருங்க, கம்ப்யூட்டர்காரங்க, ஒருத்தரும் விட்டுவைக்கல. ஆயிரத்து நானூறு மேற்கோள்! மனுஷன் அதோட ஆளையே காணோம்.”

“மனுஷன் இல்ல சார், பொண்ணு.”

“ஆம்பளைப் பேரா இருக்கே? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“ஒரே லேப்தான். தரையில குப்புறப் படுத்துக்கிட்டு எறும்பு எண்ணுவா. கையெல்லாம் கடிச்சுத் தடிச்சுப் போயிருக்கும். சாப்பிடக் கூப்பிட்டா, ‘இரு, இன்னும் நூறுதான்’ம்பா. அப்பப்பா, என்ன திமிரு, என்ன சிரிப்பு!” பூச்சியம்மா திரையில் இருந்த அந்தப் பெயரைப் பார்த்தார். “அந்த நாளெல்லாம் இனி வராது சார்.”

நூலகருக்கு எரிச்சலாக வந்தது. பதவியே கையைவிட்டுப் போகிறது, இந்த அம்மா உட்கார்ந்து பழங்கதை பேசுகிறாரே!

“அவ்வளவு கெட்டிக்காரி ஏன் ஒண்ணோட நிறுத்திட்டாங்க? என்ன ஆச்சு அவங்களுக்கு?”

“கல்யாணம் ஆச்சு சார்.”

“அடப்பாவமே!”

பூச்சியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆராய்ச்சி இதழ்ல அப்பா பேரை முழுசா போட்டு, என் பேரை ஒத்தை எழுத்தாக்கிட்டாங்க. கல்யாணத்துக்கப்புறம் அப்பா பேரு இருந்த இடத்துல வீட்டுக்காரர் பேரு வந்துடுச்சு. கூட்டிப் போடுங்க சார், அவளும் நானும் ஒரே ஆளுதான்.”